இடுப்பில் ஒரு கிலோ இரும்பு

துவக்கு வாங்குகிறவர்களுக்கு எல்லாரும் எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். எப்படிக் குறி பார்ப்பது, எப்படித் துடைப்பது, லைசன்ஸ் புதுப்பிக்க எங்கே போவது என்று ஆளுக்கு ஆள் வகுப்பு எடுப்பார்கள். அதை உடம்பில் எங்கே கட்டிக்கொண்டு திரிவது என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த வேலை வீட்டில் இருக்கிற பெண்சாதியின் தலையில் வந்து விழும். என் தலையில் அப்படித்தான் விழுந்தது.

என் பெயர் அஸீமா. என் கணவர் மஹ்மூத் கண்டி டவுனில் நகைக்கடை வைத்திருக்கிறார். வீடு கட்டுகஸ்தோட்டையில். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கடையைப் பூட்டிவிட்டு நகைப் பையோடு வேனுக்கு நடந்து போனபோது, மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் கத்தியைக் காட்டிப் பையைப் பறித்துக்கொண்டு போனார்கள். கையில் ஒரு வெட்டு விழுந்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் காவல். போனது பை மட்டும் என்றால் நான் இன்று இத்தனை பேச மாட்டேன்.

பொலிஸில் யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். கையில் இரத்தம் காயவில்லை, ஆத்திரம் அடங்கவில்லை. இவர் சொல்லிவிட்டார்: "நான் எந்த நேரம், எந்த வழியால போற என்டு என்ட தம்பிக்கு மட்டும்தான் தெரியும்." தம்பி என்றால் அஹ்னாப். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அதே கடையில் இவருக்குப் பக்கத்திலேயே நின்றவன். அன்றைக்குப் பார்த்து நேரத்தோடு வீட்டுக்குப் போயிருந்தான். அவனைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் விடியும் வரைக்கும் ஒரு மர வாங்கில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். கொஞ்ச நாளில் உண்மையான கள்ளர்கள் வேறு ஊரில் பிடிபட்டார்கள். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக் குடித்து இவரை நோட்டம் விட்டார்களாம். அஹ்னாபுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. அவன் கடையை விட்டு விலகி, வத்தேகமவில் சின்னதாக ஒரு மணிக்கூட்டுக் கடை போட்டுக்கொண்டு அந்தப் பக்கமே குடிபோய்விட்டான்.

அஹ்னாபின் மனைவி றலியா என் கூடப் பிறந்த தங்கை. அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கொடுத்தால் பிள்ளைகள் பிரிய மாட்டார்கள் என்று எங்கள் உம்மா கணக்குப் போட்டுச் செய்த கல்யாணம் அது. பிரிகிறபோது சேர்த்துத்தான் பிரிப்பார்கள் என்பது உம்மாவின் கணக்கில் வரவில்லை. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தங்கை. அவள் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், என் குசினியில் வந்து நின்று சட்டியைத் திறந்து பார்த்துக் குறை சொல்ல வேண்டும். இந்த இரண்டு வருஷமும் நான் அல்லாஹ்விடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

நான் தங்கையைக் கேட்டேன். வீட்டுக்கு வந்தது துவக்கு.

பழைய ரிவோல்வர். குழல் மட்டும் என் கைவிரல் நீளத்துக்கு மேலே இருக்கும். குண்டு போட்டுக் கையில் எடுத்தால் ஒரு கிலோ சீனிப் பை போலக் கனக்கும். வாங்கின அன்று அதைக் களிசான் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு இவர் பெருமையாகப் படியிறங்கினார். நாலாவது படியில் களிசான் வலது பக்கம் இறங்கத் தொடங்கியது. இவர் ஒரு கையால் களிசானையும் மறு கையால் துவக்கையும் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"சிரிக்காதே அஸீமா. பெல்ட்ட இறுக்கினாச் சரி."

இறுக்கினார். இறுக்கினால் வயிறு பிதுங்கியது, மத்தியானம் சாப்பிட்டது செரிக்கவில்லை, பின்னேரம் முழுக்க ஏப்பம். தளர்த்தினால் களிசான் முழங்காலுக்குப் புறப்பட்டது. உட்கார்ந்தால் கைப்பிடி விலாவில் குத்தியது. வேனில் ஏறினால் சீட் பெல்ட் கொளுவுகிற இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற விசைக் கட்டை ஒவ்வொரு சட்டையையும் ஒரே இடத்தில் கிழித்தது. ஒரு மாதத்தில் இவருடைய சட்டைகள் எல்லாவற்றுக்கும் வலது பக்கம் ஒட்டுப் போட்டேன். ஏதோ ஒரு கட்சிக்காரர் மாதிரி எல்லாவற்றிலும் ஒரே அடையாளம். எங்கள் வீட்டு சோபாவின் ஓரமும் கிழிந்தது, அதற்கும் நான்தான் ஊசி எடுத்தேன்.

மஹய்யாவவில் பழனியாண்டி என்று ஒருவர் பேக், சப்பாத்து, குடை எல்லாம் தைத்துக் கொடுப்பவர். என் கைப்பைகளுக்கு வார் போடுகிறவர் அவர்தான். நல்ல தடித்த தோலில் ஒரு பெல்ட் வேண்டும் என்று இவரையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் அளவு நாடாவை இவரைச் சுற்றிப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"பெல்ட்டு நான் மாட்டு வண்டிக்குப் போடுற மாதிரி போட்டுத் தாரேம்மா. ஆனா அது எதப் புடிச்சிக்கிட்டு நிக்கும்? மொதலாளிக்கு இடுப்பே இல்லீங்களே. வயித்துக்கு அப்புறம் நேரா காலுதான் வருது."

"வாயக் கொஞ்சம் அடக்கி அளவெடுங்கொ," என்று இவர் எரிந்து விழுந்தார்.

பழனியாண்டி சொன்னது போலவே ஆனது. பெல்ட் உலக்கை போல உறுதியாக இருந்தது, களிசான் அதோடு சேர்ந்து உறுதியாக இறங்கியது. இடுப்பு எலும்பில் கன்றி நீலம் பாய்ந்துவிட்டது. பேராதனையில் டொக்டரிடம் காட்டியபோது, இந்த இடத்தில் ஏதாவது பாரம் சுமக்கிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். இவர் இல்லை என்றாராம். பாரம் இல்லை, பாதுகாப்பு என்று நினைத்தாரோ என்னவோ.

பிறகு தோளில் மாட்டுகிற வார் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. கக்கத்துக்குள் துவக்கு தொங்கும். மேலே ஒரு கோட் போட்டுக்கொள்ள வேண்டும். கண்டியில் சித்திரை வெயிலில் கோட் போட்டுக்கொண்டு நகைக்கடையில் நிற்கிற மனுஷனைச் சனங்கள் எப்படிப் பார்க்கும்? காய்ச்சலா முதலாளி என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். வியர்வையில் வார் நனைந்து கழுத்தில் கொப்புளம் போட்டது.

அந்த வாரோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். தொழுகைக்கு முன்னால் வுழூ எடுக்க, ஹவ்ழ் என்கிற தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் குனிந்திருக்கிறார். கோட்டுக்குள்ளே தொங்கிக்கொண்டிருந்தது முன்னுக்கு வீசி வந்து சீமெந்துக் கட்டில் டங்கென்று மோதியிருக்கிறது. கால் கழுவிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். குண்டுகள் வெடித்து, பள்ளி பள்ளியாகப் பொலிஸ் ஏறித் தேடின நாளிலிருந்து, பள்ளிக்குள் துவக்கு என்றால் எங்கள் ஆட்கள் பத்தடி விலகி நிற்பார்கள். அதைப் பற்றி நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. லைசன்ஸ் இருக்கிற துவக்குதான். இருந்தாலும் லைசன்ஸை நெற்றியிலா ஒட்டிக்கொண்டு போவது? அன்றைக்குப் பிறகு பள்ளிப் பக்கம் போகவில்லை. வீட்டில் தொழுதார். கடையில் தொழுதார். ஜும்ஆ நாளில் ஏதாவது ஒரு சாட்டுச் சொன்னார்.

"அத அலுமாரியில வெச்சிட்டுப் போங்களேன்," என்றேன்.

"வெச்சிட்டுப் போறதுக்கா வாங்கின?"

"அப்ப கடையில பெட்டிக்குள்ள வையுங்கொ."

"கத்தி என்ட கையிலதானே பட்டது. ஒன்ட கையில இல்லியே."

வலியில் அந்த மனுஷனுடைய குணமே மாறிப்போனது. உட்காரும்போது ஒரு முனகல், எழும்பும்போது ஒரு ஏச்சு. பராட்டா தடிப்பு என்று ஏச்சு, தேத்தண்ணி ஆறிவிட்டது என்று ஏச்சு. வீட்டுக்குள் கால் வைத்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி அலுமாரிக்குள் இருக்கிற இரும்புப் பெட்டியில் எறிந்து பூட்டுவார். அஹ்னாபைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தால் போதும், "இடுப்பு வெடிக்கிது, இப்ப அந்தக் கதையா?" என்பார். நல்ல இடுப்போடு இருந்த காலத்திலும் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த மனுஷன் இல்லை. நொந்த இடுப்போடு எங்கே கேட்பார்?

றலியா, அஹ்னாப் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எனக்கு ஃபோனில் கோல் எடுப்பாள். எங்களில் அக்கா என்றால் ராத்தா, அண்ணன் என்றால் நானா. நான் என் வயிற்றெரிச்சலையெல்லாம் அவளிடம்தான் கொட்டுவேன். படியில் களிசான் இறங்கின கதை, பழனியாண்டியின் கதை எல்லாவற்றுக்கும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பிறகு சிரிப்புக் குறைந்தது.

"ராத்தா, நான் ஒன்டு சொன்னாக் கோவிக்க வேணாம்," என்றாள் ஒரு நாள். "இஞ்ச வத்தேகமையில ஆக்கள் இவர்ட்ட கேக்கிறாங்க. ஒங்கட நானா ஒங்களுக்குப் பயந்தா துவக்கு வாங்கின என்டு. இவர் வந்து சாப்பிடாமப் படுக்கிறார்."

"அல்லாஹ்வே, கள்ளனுக்குப் பயந்துதானே வாங்கின."

"கள்ளன் என்டு இவரத்தானே சொன்ன."

அந்தச் சொல் நெஞ்சில் ஏறி நின்றுகொண்டது. ஃபோனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு அந்தத் துவக்கின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அதை விற்கச் சொன்னால் இவர் விற்கப் போவதில்லை. வலி குறைந்தால் ஏச்சுக் குறையும், ஏச்சுக் குறைந்தால் தம்பியைப் பற்றிப் பேசலாம். அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. சரி, கடைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் செய்ய முடியாததை நான் செய்கிறேன் என்று தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அலுமாரியில் துணி தேடும்போது இவருடைய ஹஜ் பெல்ட் கையில் பட்டது. ஹஜ்ஜில் இஹ்ராம் என்கிற வெள்ளைத் துணி உடுத்துகிறபோது இடுப்பில் கட்டுகிறது. உள்ளங்கை அகலம், தடித்த கித்தான் துணி, பாஸ்போர்ட் வைக்கப் பைகள், இரட்டைக் கொளுவி. தையல் இல்லாத ஒரு துணியை, அந்த நெரிசலில் அல்லாஹ்வின் வீட்டை ஏழு சுற்றுச் சுற்றியும் ஒரு விரல் இறங்க விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பெல்ட் அது. எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போய் வந்த எந்த வீட்டு அலுமாரியிலும் ஒன்று இருக்கும். ஒருவரும் வெளியே எடுக்க மாட்டார்கள், எறியவும் மனம் வராது. நான் அதை எடுத்து விரித்துப் பார்த்தேன். களிசானில் கோர்க்கத் தேவையில்லை, வயிற்றுக்குக் கீழே தனியாகவே நிற்கும்.

இவர் கண்டுவிட்டார்.

"அது எனத்துக்கு? அஸீமா, அது இஹ்ராம்ல கட்டின பெல்ட்."

"தெரியும்."

"அதுல துவக்கக் கட்டவா போறாய்? அத கட்டீக்கிற நேரம் எறும்பக்கூடக் கொல்லப் படாது."

"நீங்க எறும்பக் கொல்றதுக்கா கட்டிட்டுத் திரியிற? ஜும்ஆவுக்குப் போகாம இடுப்பப் பிடிச்சிட்டு ஈக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். பேசாமப் போங்கொ."

பேசாமல் போனார். அவ்வளவு வலி. எனக்கும் உள்ளே ஒரு மாதிரித்தான் இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் மெஷினை மிதித்தேன். எந்தக் காரியத்துக்குப் பிஸ்மில்லாஹ் சொல்கிறோம் என்று யோசிக்காமல் மிதித்தேன்.

முதலில் தைத்தது சரிவரவில்லை. எலும்புக்கு நேரே வந்தது. பிரித்தேன். எலும்புக்குக் கொஞ்சம் பின்னால், சதை இருக்கிற இடத்தில் வைத்தேன். அப்போது உட்கார்ந்தால் குழல் கதிரையில் இடித்தது. மறுபடி பிரித்தேன். குழலைச் சரித்து, பை முழுவதையும் இரண்டு விரல் கீழே இறக்கினேன். கைப்பிடி விலாவை விட்டு விலகியது. என் பழைய கைப்பையை வெட்டி, விசை முழுதும் மூடுகிற மாதிரித் தோல் உறை போட்டேன். உடம்புப் பக்கம் கம்பளித் துணி இரண்டு மடிப்பு. பாரம் முழுக்க இடுப்பில் நிற்காமல் இருக்க, உள்ளங்கியில் மறைகிற மாதிரி இடது தோளுக்கு ஒரு பட்டி. ஊசி முறிந்தது, வேறு ஊசி போட்டேன், அதுவும் முறிந்தது. ஒவ்வொரு முறையும் இவரை நிற்க வைத்து, உட்கார வைத்து, தொழுகையில் போல ருகூஉவுக்குக் குனிய வைத்து, ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்க வைத்துப் பார்த்தேன். ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சட்டை தைக்கக்கூட நான் இத்தனை தரம் பிரித்ததில்லை.

கடைசியில் ஒரு நாள் ஸுஜூதிலிருந்து எழும்பி, முழங்காலில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"இப்ப ஈக்கா, இல்லியா?" என்று கேட்டார்.

"எது?"

"துவக்கு. கனமே விளங்கல்லியே."

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! மெஷின் மூடியை மூடிவிட்டு எனக்கென்று ஒரு தேத்தண்ணி ஊற்றி, உட்கார்ந்து குடித்தேன்.

வீடு மாறிப்போனது. படியேறும்போது முனகல் இல்லை. பள்ளிக்குப் போனார், இமாமுக்குப் பின்னால் முதல் வரிசையில் நின்று தொழுதுவிட்டு வந்தேன் என்று சின்னப் பிள்ளை போலச் சொன்னார். முன்பெல்லாம் வாசலிலேயே கழற்றுகிறவர், இப்போது அதோடேயே சாப்பிட்டார், அதோடேயே நியூஸ் பார்த்தார். படுக்கப் போகும்போது நான்தான், "கழட்டித் தாங்கொ," என்று வாங்கி, பெல்ட்டோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். காலையில் இவர் குளிக்கும்போது எடுத்து, மடித்த உடுப்போடு கட்டிலில் வைத்தேன். சாப்பாடு கட்டிக் கொடுக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

நோன்பு பிடித்துப் பாதிக்கு மேல் போயிருக்கும். நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அஹ்னாப் இந்தப் பெருநாளைக்கு எங்க தொழுவானோ தெரியா."

நான் அவருடைய கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினேன்.

"கோல் எடுத்துக் கேளேன். வரச் சொல்லு. நான் சொன்ன என்டே சொல்லு."

எடுத்தேன். அவசரத்தில் இரண்டு தரம் வேறு யாருக்கோ போனது. றலியா கேட்டுவிட்டுப் பிறகு சொல்கிறேன் என்றாள். அடுத்த நாள் அவளே எடுத்தாள்.

"வாறாராம் ராத்தா. நானா மன்னிப்புக் கேக்கத் தேவயில்லயாம். பழைய கத ஒன்டும் பேசவும் வேணாமாம். வாசலுக்கு வந்து கட்டிப்பிடிச்சா அதுவே போதுமாம். அந்த வாங்கில விடியும் வர ஈந்த நேரம், நானா வந்து கட்டிப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார் என்டுதான் பாத்திட்டு ஈந்தாராம்."

இவரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டார். "அது எனக்கு ஏலும்," என்றார்.

பெருநாள் அன்று எனக்கு நிலத்தில் கால் படவில்லை. வட்டிலப்பம் முதல் நாளே அவித்து வைத்திருந்தேன், றலியாவுக்குப் பிடித்த மாதிரி ஏலக்காய் தூக்கலாக. இறைச்சி அடுப்பில் இருந்தது. வீடு கூட்டி, திரைச்சீலை மாற்றி, கிழிந்த சோபா ஓரத்துக்கு மேலே ஒரு குஷன் வைத்து மறைத்தேன். இவர் புது ஜுப்பாவோடு பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து, வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. தம்பிக்கென்று அத்தர்க் குப்பி ஒன்று வாங்கி வந்து கையிலேயே வைத்திருந்தார்.

த்ரீவீலர் வந்து நின்றது. றலியா இறங்கினாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அஹ்னாப் அவளுக்குப் பின்னால் இறங்கி, கேட் பக்கத்திலேயே நின்றான். வருவதா வேண்டாமா என்று காலுக்குத் தெரியாதது போல நின்றான்.

இவர் செருப்புக்கூடப் போடவில்லை. படியிறங்கி ஓடினார். "தம்பி," என்றார். இரண்டு கையையும் விரித்து அவனை அணைத்துக்கொண்டார். அஹ்னாபின் முகம் அப்படியே உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவனும் இவரைச் சுற்றிக் கையைப் போட்டான். நான் படியில் நின்று அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வாயெடுத்தேன்.

அவனுடைய இடது கை இவருடைய முதுகிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. இறங்கின இடத்தில் நின்றது. விரல்கள் ஜுப்பாவுக்கு மேலால் ஒரு தரம் தடவின. பிறகு கை விரிந்து, சுடுசட்டியைத் தொட்டது போல விலகியது.

அவன் கண்ணைத் திறந்தான். பின்னுக்கு ஓர் அடி வைத்தான். இவருடைய முகத்தைப் பார்த்தான். கோபம் என்றால்கூட நான் பாய்ந்து போய் ஏதாவது சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. அந்த வாங்கில் விடியும் வரைக்கும் எந்த முகத்தோடு இருந்தானோ, அதே முகம்தான் அது என்று எனக்குத் தோன்றியது.

"றலியா, வா போவம்," என்றான்.

த்ரீவீலர் இன்னும் திரும்பக்கூட இல்லை. நான் ஓடிப்போய்த் தங்கையின் கையைப் பிடித்தேன்.

"வல்லாஹி, சத்தியமா அவருக்குத் தெரியா றலியா. மறந்திட்டார். நான்தான் தெரியாத மாதிரித் தச்சுக் குடுத்த. அவருக்கு அது ஈக்கிறதே விளங்குறல்ல..."

றலியா என்னைப் பார்த்தாள். என் வாயால் எத்தனை தரம் கேட்டிருப்பாள்: விலாவில் குத்துகிறது, களிசானை இழுக்கிறது, எலும்பில் நீலம் பாய்ந்துவிட்டது, அந்த மனுஷனால் உட்கார முடியவில்லை, எழும்ப முடியவில்லை என்று. இரண்டு வருஷமாக நான்தானே சொல்லிக் கொடுத்தேன், அது எவ்வளவு கனம் என்று.

"ஒரு கிலோ இரும்ப ஆரு ராத்தா மறக்கிற?" என்றாள்.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு ஏறினாள். அஹ்னாப் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புது உடுப்போடு ரோட்டில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது இவர் கேட்டுக்கு உள்ளே அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கொடுக்காத அத்தர்க் குப்பி இன்னும் கையில் இருந்தது.

"ஏன் அவன் திரும்பிப் பெய்த்தான்?" என்று கேட்டார். "நான் ஒன்டும் பேசல்லியே அஸீமா. பழைய கத ஒன்டும் எடுக்கல்லியே. கட்டிப்பிடிக்கத்தானே சொன்ன? நான் கட்டிப்பிடிச்சேனே."

அவருக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. எனக்கு அந்த மனுஷனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவரோடு சேர்ந்து நிலத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. நான் ஜுப்பாவின் ஓரத்தை மேலே தூக்கினேன். அவர் குனிந்து பார்த்தார். கம்பளித் துணி, என் கைப்பையின் தோல், நான் தைத்த இரட்டைத் தையல், அதற்குள் அது. வேறு யாருடைய உடம்பையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத எப்ப கட்டின நான்?"

காலையில் அவர் குளிக்கும்போது அலுமாரியைத் திறந்தது என் ஞாபகத்துக்கு வந்தது. சாரனை எடுத்து வைத்தேன். புது ஜுப்பாவை மடிப்புக் கலையாமல் வைத்தேன். தொப்பியை வைத்தேன். வாயில் பெருநாள் தக்பீர் சொல்லிக்கொண்டே இரும்புப் பெட்டியையும் திறந்தேன். ஒவ்வொரு நாளும் செய்கிற மாதிரியே அதையும் எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

"நான்தான் எடுத்து வெச்ச," என்றேன்.

அவர் ஜுப்பாவை என் கையிலிருந்து விடுவித்துக் கீழே இறக்கினார். அத்தர்க் குப்பியை மதிலின் மேல் வைத்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒனக்குமா மறந்திச்சி?" என்று கேட்டார்.